இடுப்பில் இருந்த குழந்தை: ஒரு பி.எஸ்.டபிள்யூ. மாணவியின் களப்பணி பற்றிய நிகழ்வு ஆய்வு

என் மாணவி ஒருத்தி களப்பணிக்குப் போய்வந்து எழுதிய அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: “கிளையண்ட் தன் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.” கிளையண்ட் என்று நாங்கள் சொல்வது, உதவிக்காக மாணவியிடம் ஒப்படைக்கப்பட்டவரை; இங்கே ஒரு சிறுவனை. மாணவி அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நானும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, அடுத்த நோட்டை எடுத்துவிட்டேன். விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நான்கு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

நான் ஒரு கலைக் கல்லூரியில் சமூகப்பணித் துறையில் பாடம் எடுக்கிறேன். மாணவர்களின் களப்பணியை மேற்பார்வை செய்வதும் என் பொறுப்பு. இது சில வருடங்களுக்கு முன் நடந்தது. மாணவி, சிறுவன், குடும்பம், பள்ளி, தொண்டு நிறுவனம் என்று யார் பெயரும் இதில் இருக்காது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று மாணவியிடம் கேட்டேன். “எழுதுங்க மேடம், நான் பண்ணின தப்பையும் சேர்த்து எழுதுங்க” என்றாள். என் தப்பும் இதில் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

படிப்பின் அமைப்பு

பி.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப்பணியில் இளநிலைப் பட்டம்; மூன்று வருடப் படிப்பு, ஆறு செமஸ்டர். எங்கள் துறையில் முதல் வருடம் பெரும்பாலும் பார்வையிடுவதிலேயே போகும்: முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, அரசு மருத்துவமனை, கூர்நோக்கு இல்லம். இரண்டாம் வருடத்திலிருந்து ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு நிறுவனத்தில் போய் வேலை பழக வேண்டும். வாரத்தில் 2 நாள் களம், மற்ற நாட்கள் வகுப்பு. களத்துக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையை நடுவில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரும் மாணவரும் தனியே உட்கார்ந்து பேசுவதற்கு ஐ.சி. என்று பெயர். எல்லோரும் கூடிப் பேசினால் ஜி.சி. வருடத்தில் ஒரு கிராம முகாம். கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1936-ல் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா பெயரில் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் அதற்கு முன் நாக்பாடாவில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் அக்கம்பக்க இல்லம் ஒன்றை நடத்திவந்தவர். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கியபோது அவருக்கும் கில்ட் ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பின் மூலம் பல வருடத் தொண்டு அனுபவம் இருந்தது. முதலில் தெருவில் வேலை, அப்புறம்தான் வகுப்பறை. நம் ஊரில் இந்தப் படிப்பு வந்த வழி அது.

இந்த மாணவி விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் முதல் பட்டதாரி. சமூகப்பணியை விரும்பி வந்து சேர்ந்தவள் அல்ல; கேட்ட பாடத்தில் சீட் கிடைக்கவில்லை, இதில் கிடைத்தது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். பிறகு இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர்களும் அவர்களில் நிறைய உண்டு. அவள் நன்றாகப் படிப்பவள். கேஸ் ஒர்க் (தனி ஒருவரோடு செய்யும் சமூகப்பணி) தாளில், பீஸ்டெக் என்ற அறிஞர் 1957-ல் அதற்கு வகுத்துத் தந்த ஏழு நெறிகளையும் வரிசை மாறாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். ரகசியம் காத்தல் அதில் ஏழாவது. அதை அவள் எழுதிய தாள் இப்போதும் என் நினைவில் இருக்கிறது.

களம்

சென்னையின் தெற்கில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் இருக்கின்றன. நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து அடுக்குமாடிகளில் குடியேற்றிய இடங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பல குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்தன. வீடு இங்கே கிடைத்தது, வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டு வேலை செய்துவந்த பெண்கள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அப்படி ஒரு குடியிருப்பில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனத்தில் இந்த மாணவிக்குக் களப்பணி ஒதுக்கப்பட்டிருந்தது. அவளுடைய களநாட்கள் வியாழனும் வெள்ளியும். பக்கத்து அரசுப் பள்ளி, நீண்ட நாளாக வராத பிள்ளைகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தது. அதிலிருந்து நிறுவனம் இவளுக்கு ஒதுக்கியது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை. வயது 13. ஏழு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை.

அவள் எழுதிய முதல் மூன்று வார அறிக்கைகளிலிருந்து சில வரிகள்:

“கிளையண்ட்டின் தாயிடம் கல்வியின் முக்கியத்துவம் குறித்து விழிப்புணர்வு ஏற்படுத்தினேன். அவரும் ‘சரிம்மா, அனுப்புறேன்’ என்று ஏற்றுக்கொண்டார்.”

“கிளையண்ட் இன்றும் பள்ளிக்குச் செல்லவில்லை. மீண்டும் விழிப்புணர்வு ஏற்படுத்தினேன்.”

“கிளையண்ட்டின் தந்தை பெயிண்டிங் வேலை செய்கிறார். மதுப்பழக்கம் உள்ளவர். இதுவே பிரச்சினைக்கு முதன்மைக் காரணம். பெற்றோரிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.”

இப்படி எழுதுவது அவள் ஒருத்தி மட்டுமல்ல. விழிப்புணர்வு என்ற சொல் எங்கள் மாணவர்களின் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் வரும். அந்தச் சொல் வந்துவிட்டால் அங்கே என்ன நடந்தது என்பது மறைந்துபோகும். யார் என்ன சொன்னார்கள், எப்போது பேச்சு நின்றது, எங்கே பார்த்தார்கள் என்று எதுவும் இருக்காது. நாம் சொன்னோம், அவர்கள் கேட்டார்கள் என்று மட்டும் இருக்கும். மூன்று வாரம் அந்தச் சொல்லை நான் அடிக்காமல் விட்டேன்.

ஏன் விட்டேன் என்றால், அந்த மாதம் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. ஐந்து வருடக் கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தோம். என் மேற்பார்வையில் அப்போது 22 மாணவர்கள். இரண்டாம் வார ஐ.சி.யையும் மூன்றாம் வார ஐ.சி.யையும் தள்ளிப்போட்டேன். நோட்டுகளை வாங்கி மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பார்த்ததாகக் கையெழுத்து இருக்கும். பார்க்கவில்லை.

கதவு மூடியது

மூன்றாம் வாரம் மாணவி பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியரைச் சந்தித்தாள். பையன் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதும், “அவங்க அப்பா குடிக்கிறார் சார், அதான் பிரச்சினை” என்று சொல்லிவிட்டாள். ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐம்பதுக்கு மேல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் மனிதர், அக்கறையோடுதான் கேட்டார். அடுத்த வாரம் யாரோ சொல்லியனுப்பி பையன் ஒரு நாள் பள்ளிக்கு வந்திருக்கிறான். வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஆசிரியர், “என்னடா, உங்கப்பா குடிச்சிட்டு வந்து ரகளை பண்றாராமே, அதான் வரலையா?” என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் சிரித்தார்கள். பையன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மாணவி வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. இவளைப் பார்த்ததும் அம்மா எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைச் சாத்திவிட்டார். வெள்ளிக்கிழமை உள்ளே டி.வி. சத்தம் கேட்டது, தட்டியும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்பே என் அறை வாசலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “மேடம், எனக்கு இந்தப் படிப்பு செட் ஆகாது” என்றாள். வேறு பாடத்துக்கு மாறலாமா என்றும் கேட்டாள். கோப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். முதல் வாரமே நடந்திருக்க வேண்டிய ஐ.சி. அது.

அறிக்கையை மறுபடி எழுதியது

முதலில் அவள் சொன்னதைக் கேட்டேன். அப்புறம் ஒரு வேலை கொடுத்தேன். முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனதை மறுபடி எழுத வேண்டும். கருத்து வேண்டாம், காரணம் வேண்டாம். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், கையில் என்ன இருந்தது, யார் என்ன சொன்னார்கள், சொன்னது சொன்னபடி. இதற்கு புரோசஸ் ரெக்கார்டிங் என்று பெயர், பாடத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அவள் ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.

அதிலிருந்து ஒரு பகுதி:

“நான் போனபோது மணி 11.10. நான்காவது மாடி. கதவைத் தட்டியதும் பையன் திறந்தான். பாப்பாவை இடுப்பில் வைத்திருந்தான். பாப்பா அவன் சட்டைக் காலரை வாயில் வைத்திருந்தது. ‘அம்மா இருக்காங்களா?’ என்று கேட்டேன். ‘வேலைக்குப் போயிருக்கு, மூணு மணிக்கு வரும்’ என்றான். ‘நீ ஏன் ஸ்கூலுக்குப் போகல?’ என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பாப்பாவை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். நான் கல்வியின் முக்கியத்துவம் பற்றிப் பேசினேன். அடுப்பில் பால் பொங்கியது. அவன் ஓடிப்போய் அணைத்தான்.”

இதை நான் சத்தமாகப் படித்தேன். “பால் பொங்கியது” என்ற இடம் வந்ததும் அவளே நிறுத்தினாள். “மேடம், அவன்தான் பாப்பாவைப் பாத்துக்கிறான்” என்றாள். குரலில் ஒரு பதைப்பு இருந்தது. ஏழெட்டு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவனைப் பார்த்த எல்லாத் தடவையும் பாப்பா அவன் இடுப்பில்தான் இருந்தது.

முதல் வார அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். அதிலும் அந்த வரி இருந்தது. அடியில் என் கையெழுத்தும் இருந்தது.

அப்புறம் ஒரு காரியம் செய்தோம். என் கைப்பையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நான் அந்தப் பையனின் அம்மாவாக நின்றேன். அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: “பையனை ஸ்கூலுக்கு அனுப்புங்கக்கா, படிப்புதான் முக்கியம்.” நான் “சரிம்மா, அனுப்புறேன்” என்றேன். அவளுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை. பிறகு பையை அவளிடம் கொடுத்து, அவளை அம்மாவாக நிற்கச் சொன்னேன். அவள் சொன்ன அதே வார்த்தைகளை நான் அவளிடம் சொன்னேன். பையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “சரின்னு சொல்லி அனுப்பிடத்தான் தோணுது மேடம்” என்றாள்.

நோட்டும் பேனாவுமாக யார் யாரோ வந்து போகிற குடியிருப்பு அது. வெளியாளை மரியாதை குறையாமல் அனுப்பிவைக்க அந்த மக்கள் கண்டுபிடித்த வார்த்தை “சரிம்மா”. அதைச் சம்மதம் என்று அறிக்கையில் எழுதினால் அது அவர்கள் சொன்னது ஆகாது.

இன்னும் இரண்டு தகவல்கள் அவள் நோட்டில் ஏற்கனவே இருந்தன. பள்ளிச் சத்துணவுக் கூடத்து அம்மா பேச்சுவாக்கில் சொன்னது ஒன்று: “அந்தப் பையனா? மதியம் கேட் பக்கம் வருவான், கொயந்தயோட. ஒரு முட்டை குடுத்து அனுப்புவேன்.” படிப்பில் நாட்டமில்லாத பையன் மதிய மணி அடிக்கும்போது பள்ளி வாசலுக்கு வந்து நிற்பானா? இன்னொன்று வருகைப் பதிவேடு. அவன் வராமல் போனது திடீரென்று ஒரு திங்கட்கிழமையிலிருந்து; அதற்கு முன் ஒரு நாள் கூட விட்டதில்லை. “எப்பயிருந்து வரல?” என்று பார்த்தாளே தவிர, “அந்த வாரம் வீட்டில் என்ன ஆச்சு?” என்று அவள் கேட்கவில்லை. பிறகு கேட்டபோது தெரிந்தது: அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, கூடவே இருந்த ஆயா, அதாவது பையனின் பாட்டி, இறந்துபோயிருக்கிறார். அதுவரை பாப்பாவைப் பார்த்துக்கொண்டவர் ஆயாதான்.

அப்பா குடிப்பது உண்மை. ஆயா இருந்தவரைக்கும் அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார், பையனும் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

விஷயம் புரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: “மேடம், பத்து ஒன்பது எட்டுக்குப் போன் பண்ணட்டுமா?” நல்ல கேள்விதான். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண்ணான 1098 பற்றி நான் வகுப்பில் சொல்லும்போது கொஞ்சம் பெருமையோடு சொல்வேன். 1996-ல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களச் செயல்திட்டமாக ஆரம்பித்தது அது. ஒரு சமூகப்பணிப் பள்ளியின் களவேலை நாடு முழுக்க ஒலிக்கும் தொலைபேசியாக மாறியது. 2023-லிருந்து அரசே நேரடியாக நடத்துகிறது.

ஆனால் இந்த வீட்டில் அந்த எண் என்ன செய்யும் என்று அவளையே யோசிக்கச் சொன்னேன். 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை கல்வி அவன் உரிமை, சரி. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தம், 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத்துக்கு உதவலாம் என்கிறது. தங்கையைப் பார்த்துக்கொள்வதை யாரும் வேலை என்று கணக்கில் எடுப்பதில்லை. பையனை யாரும் அடிக்கவில்லை, கைவிடவில்லை. நாலு அதிகாரிகள் அந்த வீட்டுக்குப் போனால் அம்மா இன்னொரு “சரிம்மா” சொல்வார், அல்லது பயந்து வேலையை விடுவார். வேலையை விட்டால் சோற்றுக்கு என்ன செய்வார்? ஆபத்து இருந்தால் அந்த நொடியே அழைக்க வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. இங்கே தேவைப்பட்டது பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

எந்த நேரத்தில் போனை எடுக்க வேண்டும், எந்த நேரத்தில் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்ற இந்த முடிவை ஒரு 19 வயதுப் பிள்ளை தனியாக எடுக்க முடியாது. எடுக்கவும் விடக் கூடாது. மேற்பார்வை என்பது அதற்காகத்தான் இருக்கிறது.

திரும்பப் போனது

மன்னிப்பு கேட்பது எப்படி என்று பாடத்தில் இல்லை. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். சாத்திய கதவை மறுபடி தட்டுவது கட்டாயப்படுத்துவது மாதிரி. ஏதாவது வாங்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள், அதுவும் வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு, அம்மா பஸ்ஸை விட்டு இறங்கும் நிறுத்தத்தில் போய் நின்றாள். அவர் கூடவே நடந்தாள். அந்தப் பேச்சை அன்றிரவே சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறாள்:

“அக்கா, உங்க வீட்டு விஷயத்தை நான் சார்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. நான் பண்ணது தப்பு.”

(அம்மா பேசவில்லை. ஒரு பிளாக் தாண்டி நடந்தோம்.)

“நீ சொன்னது கூட பரவால்ல பாப்பா. அத்தினி பசங்க முன்னாடி கேட்டாரே அந்த சாரு. எம்புள்ள ரெண்டு நாளு சாப்புடல.”

(நான் பேசவில்லை.)

“அனுப்பு அனுப்புன்னு நீ பாட்டுக்கு சொல்லிட்டுப் போய்டுற. கொயந்தய யாரு பாத்துப்பா? நீ பாத்துப்பியா?”

“இல்லக்கா. யாரு பாத்துப்பாங்கன்னு நானும் உங்ககூட சேந்து யோசிக்கிறேன்.”

அந்த வாரம் அறிக்கையில் விழிப்புணர்வு என்ற சொல் இல்லை.

பள்ளிக்கு நானும் கூடப் போனேன். தலைமையாசிரியை அறையில் வகுப்பு ஆசிரியரும் இருந்தார். எங்கள் மாணவி செய்த தவறுக்குத் துறையின் சார்பில் நான்தான் பொறுப்பு என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னதும் ஆசிரியர் முகம் மாறிவிட்டது. அவருக்குப் பாப்பா விஷயம் தெரியாது. அவரே ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போய்ப் பையனிடம் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வழி தேடியதில் பெரிய சாகசம் எதுவும் இல்லை. குடியிருப்பு அங்கன்வாடியில் கேட்டாள். பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. “சத்துமாவு வாங்கிட்டுப் போகட்டும், ரெண்டு வயசு ஆனதும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றார் பணியாளர். நடந்து போகும் தூரத்தில் குழந்தைகள் காப்பகம் எதுவும் இல்லை. ஆறு மாதம் தள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் அவள் ஒரு யோசனை சொன்னாள். பக்கத்தில் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லி, மாதம் கொஞ்சம் பணம் தன் கையிலிருந்தே கொடுத்துவிடலாம் என்று. “500 ரூபாதானே மேடம், சாப்பாட்டுக் காசுல மிச்சம் பிடிச்சிடுவேன்.” அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் மே மாதம் அவள் போய்விடுவாள். அவள் காசில் நிற்கும் ஏற்பாடு அவளோடு போய்விடும், அந்த அம்மாவுக்கு அது கடனாகவும் மனதில் நிற்கும். இதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு முழு ஐ.சி. தேவைப்பட்டது. கடைசிவரை அவளுக்கு அது பாதிதான் சம்மதம்.

வீடு வீடாகப் போய்க் கேட்டதில், அதே தளத்திலும் கீழ்த்தளத்திலுமாக இன்னும் மூன்று அம்மாக்களுக்கு இதே தொல்லை இருப்பது தெரிந்தது. ஒரு வீட்டில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் பள்ளியை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பள்ளி கொடுத்த பட்டியலில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து பேசினார்கள். பேசவைத்தது மட்டும்தான் மாணவியின் வேலை. கீழ்த்தளத்தில், முழங்கால் வலியால் வேலையை விட்டிருந்த ஒரு பெரியம்மாவை அவர்களே சொன்னார்கள். ஒரு குழந்தைக்கு நாளைக்கு 50 ரூபாய், பால் அவரவர் கொடுத்துவிட வேண்டும் என்று அவர்களே பேசி முடித்தார்கள். ஒரு பையனின் கேஸ் ஒர்க்காக ஆரம்பித்தது, அவளுக்கே தெரியாமல் குரூப் ஒர்க், அதாவது குழுவோடு செய்யும் பணி, ஆகிவிட்டிருந்தது. வகுப்பில் இரண்டையும் தனித்தனித் தாளாக நடத்துகிறோம்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து பையன் பள்ளிக்குப் போனான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மாணவி பதிவேட்டைப் பார்த்து வந்து சொல்வாள். ஏப்ரல் வரை அந்த நாட்களில் ஒன்று கூட அவன் விடவில்லை.

படித்துவிட்டு எங்கே போவது

அவள் மூன்றாம் வருடம் முடித்தாள், இப்போது சமூகப்பணியில் முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறாள். அங்கே அவளோடு பி.காம். முடித்தவர்களும் இயற்பியல் முடித்தவர்களும் இருக்கிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ.வில் எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்பதால், மூன்று வருடம் படித்த அதே கேஸ் ஒர்க், அதே ஏழு நெறிகள், மறுபடி முதலிலிருந்து. எல்லாத் துறைக்கும் கதவு திறந்திருப்பது நல்லதுதான். ஆனால் இளநிலையில் இதைப் படித்து வந்தவளுக்கு அங்கே தனியாக ஒரு படி இருக்க வேண்டாமா?

படிப்பை இதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் சிக்கல்தான். மனநலத் துறைக்குப் போக முடியாது: 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் என்றால் முதுநிலைப் பட்டமும் அதற்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில்.லும் வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. அது நியாயமான வரையறை. ஆனால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளர் பதவிக்கு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்படி சமூகப்பணி பட்டதாரியும் வரலாம், சமூகவியல் பட்டதாரியும் வரலாம். தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். ஒருவர் மூன்று வருடத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் களத்தில் நின்றிருப்பார், மற்றவர் ஒரு வீட்டின் கதவைக் கூடத் தட்டியிருக்க வேண்டியதில்லை. வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் பதிவு செய்ய மன்றம் இருக்கிறது. சமூகப்பணிக்கு என்று தனி மன்றம் நம் நாட்டில் இல்லை. 2021-ல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவமனை, மனநலம் சார்ந்த சமூகப்பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பள்ளியிலும் குடியிருப்பிலும் வேலை செய்பவர்கள் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

பதிவு மன்றம் வந்தால் என் வேலையும் அளக்கப்படும். அதை நான் விரும்புகிறேன். ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர், வாரத்துக்கு எத்தனை மணி நேர ஐ.சி. என்று யாராவது எழுதி வைத்து அதைக் கேட்டால், தர மதிப்பீடு வரும் மாதத்திலும் அந்த மணி நேரத்தை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. ஒரு பிள்ளை சமூகப்பணியாளராக ஆவது அந்த மணி நேரத்தில்தான். இவள் ஆனதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் துறையில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஒவ்வொரு மாணவரும் மாதத்தில் ஒரு களநாளையாவது சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். ஐ.சி. நடக்காத வாரத்தில் அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூடாது. இரண்டாவது என்னைப் போன்றவர்களுக்காக.

மே மாதம் அவள் கேஸை முடித்து, அடுத்து வருபவருக்கான குறிப்பு ஒன்றை எழுதி, பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டுப் போனாள். ஜூலையில் அந்தக் கோப்பு வேறொரு மாணவியிடம் போனது. அவள் முதல் ஐ.சி.க்கே நோட்டோடு வந்தாள். களத்துக்கு இன்னும் போகவில்லை, கோப்பை மட்டும் படித்திருக்கிறாள்.

“மேடம், ஒரு சந்தேகம். பிப்ரவரியிலிருந்து அவன் ரெகுலரா வர்றான்னு அக்கா எழுதியிருக்காங்க. ஆனா இந்த ரெஜிஸ்டர்ல எல்லாத் திங்கட்கிழமையும் ஆப்சென்ட். திங்கட்கிழமை பாப்பா யாருகிட்ட இருக்கு?”

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். பத்துத் திங்கட்கிழமைகள், பத்திலும் ஆப்சென்ட். முன்னவள் களத்துக்குப் போனது வியாழனும் வெள்ளியும். நான் பதிவேட்டைப் பார்க்கவே இல்லை.

“எனக்குத் தெரியலம்மா” என்றேன். “உன் களநாளைத் திங்களுக்கு மாத்திக்கிறியா?”